விதை முதல் நாற்று வரை: மொட்டை மாடியில் முதல் நாற்பது நாள்கள்

தக்காளி விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கூர்ந்து பார்த்தால், தட்டையான அந்தச் சிறு வில்லையின் மேல் பூனைமயிர் போன்ற மெல்லிய போர்வை ஒன்று இருப்பது தெரியும். ஒரு கிராம் எடைக்கு ஏறத்தாழ 300 விதைகள் இருக்கும். நால்வர் உள்ள ஒரு வீட்டின் மாடித் தோட்டத்துக்கோ பத்துத் தக்காளிச் செடிகளே தாராளம். கணக்கு இப்படி இருந்தும், விதைப் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுப் பார்த்து, பாதி முளைக்காமலும் முளைத்தவை ஒரே இரவில் சாய்ந்தும் போகக் கண்டு, "நமக்குக் கைராசி இல்லை" என்று முடிவு கட்டி நர்சரியில் நாற்று வாங்குகிறவர்களே மிகுதி. சென்னைப் புறநகரில் ஒரு மொட்டை மாடியில் பல ஆண்டுகளாக விதை போட்டு வருகிற எனக்கு, கைராசி என்ற ஒன்றில் நம்பிக்கை இல்லை. என் கையால் செத்த நாற்றுகளில் பெரும்பாலானவை நான் ஊற்றிய தண்ணீரால் செத்தவை. மீதியில் பல, ஒரு விதைக்குச் செய்ய வேண்டியதை வேறொரு விதைக்குச் செய்ததால் போனவை. எனவே இக்கட்டுரையில் தண்ணீரைப் பற்றியும், விதைக்கு விதை மாறுகிற நடைமுறையைப் பற்றியும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாற்று விடுவதா, நேரே ஊன்றுவதா?

விதை போடும் முன் தீர்மானிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகிய மூன்றையும் நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நடுவதே முறை. இவற்றின் விதை சிறியது, தொடக்க வளர்ச்சி மெதுவானது, பிடுங்கி நட்டாலும் வேர் விரைவில் தேறிக்கொள்ளும். செண்டுமல்லி, கோழிக்கொண்டை போன்ற பூச்செடிகளும் இந்த வகையில் அடங்கும்.

வெண்டை, அவரை, கொத்தவரை, பாகல், புடலை, பீர்க்கன், சுரை, பூசணி ஆகியவற்றை அவை நிலையாக வளரப்போகிற பையிலோ தொட்டியிலோ நேரே ஊன்றிவிட வேண்டும். இவற்றின் விதை பெரியது; முளைத்த ஒரு வாரத்திலேயே ஆணிவேர் கீழே பாய்ந்துவிடும். அந்த வேரை அறுத்துப் பிடுங்கி நட்டால் வெண்டை பிழைத்தாலும் தேறுவதற்குப் பல நாள்கள் ஆகும். கொடிகளில் பல வாடியே போகும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட் ஆகியவற்றில் நாம் உண்ணப்போவதே வேரைத்தான் என்பதால், அவற்றை இடம் மாற்றுகிற பேச்சுக்கே இடமில்லை. மாற்றினால் முள்ளங்கி கவைக்கால் போலப் பிளந்து வளரும்.

கீரைகள் மூன்றாவது வகை. இவற்றைத் தூவி விதைத்து, நெருக்கமாக முளைத்தபின் கலைத்து எடுக்க வேண்டும். கலைத்து எடுக்கிற இளங்கீரையை அன்றைய கூட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பட்டம்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மாடிக்கும் பொருந்தும். ஜூலை நடுவில் தொடங்கும் ஆடியில் வெயிலின் கடுமை தணிந்திருக்கும். அவ்வப்போது மாலை மழை கிடைக்கும். விதை முளைக்கத் தேவையான வெதுவெதுப்பும் இருக்கும். ஆனால் "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்ற பழமொழியும் அதே மாதத்துக்கு உரியதுதான். மொட்டை மாடிக்காரர்கள் இரண்டாவதையும் மறக்கக் கூடாது. காற்று வீசுகிற நாளில் விதைத்தட்டு இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. ஆகவே கைப்பிடிச் சுவரின் நிழலில், காற்று நேரே அடிக்காத மூலையில் நாற்றுகளை வைக்க வேண்டும்.

சமவெளியில் இருப்பவர்கள் மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஆடி தொடங்கும்போதே விதை போட்டுவிட்டால், ஆவணியில் நட்டு, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் செடிகள் வேர் பிடித்து நின்றுவிடும். தைப்பட்டம் கொடிவகைகளுக்கும் வெண்டைக்கும் நல்லது. கொத்தமல்லி, கேரட், பீட்ரூட் ஆகியவை குளிர்ச்சியை விரும்புபவை என்பதால், மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியிலிருந்து மார்கழி வரை போடலாம். சித்திரை, வைகாசியில் சென்னை, வேலூர், திருச்சி போன்ற ஊர்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொடும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் முளைக்க ஏற்ற வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை; 35 டிகிரிக்கு மேல் போனால் முளைப்பு குறையத் தொடங்கும். கத்தரி வெயிலில் விதை போட்டுவிட்டு விதைக் கடைக்காரரைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

விதைக் கலவை

விதைக்கு முதல் சில நாள்களுக்கு உரம் தேவையில்லை. முளைத்து, முதலில் வருகிற விதையிலைகள் விரிந்து, அடுத்து அந்தச் செடிக்கே உரிய வடிவில் உண்மை இலை வருகிற வரை தனக்கு வேண்டிய சாப்பாட்டை விதை தன்னுள்ளேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. முளைக்கிற வரை பெரும்பாலான விதைகளுக்கு வேண்டியவை ஈரம், காற்று, வெதுவெதுப்பு ஆகிய மூன்று மட்டுமே. மக்காத சாணமும் தழையுரமும் கலந்த செழிப்பான மண்ணில் விதை போடுவது, பிறந்த குழந்தைக்குப் பிரியாணி ஊட்டுவது போன்றது. வேர் கருகுவதோடு, பூஞ்சைக்கும் புழுவுக்கும் அது விருந்தாகிவிடும்.

நான் பயன்படுத்துகிற கலவை எளியது. கழுவிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, அதனுடன் கைப்பிடி ஆற்று மணல். கடைகளில் கொக்கோபீட் என்ற பெயரில் செங்கல் போல அழுத்தி விற்கிற கட்டியைத் தண்ணீரில் போட்டால் அது பல மடங்கு உப்பும். 5 கிலோ கட்டி 60 லிட்டருக்கு மேல் விரியும் என்பதால், வாளியில் ஊற வைக்காமல் பெரிய தொட்டியில் ஊற வைப்பது நல்லது. இதில் பலர் தவறவிடுகிற ஒரு வேலை உண்டு. நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும். ஊறியதைத் துணியில் கட்டிப் பிழிந்து, புதுத் தண்ணீரில் மீண்டும் ஊற வைத்துப் பிழிய வேண்டும். முதல் தண்ணீர் காப்பி டிகாக்ஷன் போலக் கறுப்பாக வரும். மூன்றாவது முறை லேசான தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் போதுமானது.

கலவையின் ஈரத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

பாத்திரத்தைப் பொறுத்தவரை, 98 குழிகள் கொண்ட குழித்தட்டுதான் நாற்றுப் பண்ணைகளில் தக்காளிக்கும் மிளகாய்க்கும் பயன்படுகிறது. வீட்டுக்கும் அதுவே வசதி. பிடுங்கும்போது வேர் கலையாமல் கட்டியாக வரும். அது கிடைக்காவிட்டால் அடியில் துளையிட்ட தேநீர்க் கோப்பையோ தயிர் டப்பாவோ போதும். முட்டை ஓட்டில் நாற்று வளர்க்கிற படங்கள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஓட்டுக்குள் இருக்கிற மண் நம் வெயிலில் காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காய்ந்துவிடும் என்பதால், அந்த முயற்சியைப் படத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

விதையைத் தயார் செய்தல்

பழைய விதை என்றால் முதலில் பத்து விதைகளை எடுத்து ஈரத்துணியில் சுருட்டி, மூடிய டப்பாவில் வைத்து, அந்தந்த விதைக்குரிய நாள்கள் வரை பார்க்கலாம். எட்டு முளைத்தால் கவலையின்றி விதைக்கலாம். ஐந்து என்றால் குழிக்கு இரண்டு விதை. இரண்டு என்றால் புது விதை வாங்குவதே மேல். தக்காளி, கத்தரி விதைகள் நன்றாக வைத்திருந்தால் நான்கு ஆண்டுகள் வரை தாங்கும். வெங்காய விதை ஓராண்டுக்கு மேல் பெரும்பாலும் தாங்காது.

கடையில் வாங்கிய பொட்டலத்தில் விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால், அது பூஞ்சைக்கொல்லி பூசிய விதை. அதைக் கையுறையின்றித் தொடக் கூடாது. குழந்தைகள் கைக்குப் போகவிடக் கூடாது. ஊற வைக்கவும் தேவையில்லை. பூசாத நாட்டு விதைகளுக்கு மட்டும், நோய்ப் பூஞ்சைகளை அடக்குகிற நன்மை செய்யும் நுண்ணுயிர்களான சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மா விரிடி கலக்கலாம். வேளாண்மையில் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்பது அளவு; வீட்டுப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகையே மிகுதி. ஆறிய அரிசிக் கஞ்சி இரண்டு சொட்டு விட்டுப் பிசறி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைத்தால் போதும்.

ஊற வைப்பது எல்லா விதைக்கும் பொருந்தாது. வெண்டையை ஓர் இரவு ஊற வைக்கலாம். பாகல், புடலை ஆகியவற்றின் ஓடு தடித்தது. கூரான முனையை நகவெட்டியால் மிக லேசாக நறுக்கி, ஓர் இரவு ஊற வைத்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால் முளை எட்டிப் பார்க்கும், அப்போது ஊன்றலாம். சங்குப்பூ விதை அதைவிடக் கடினம்; அதைச் சொரசொரப்பான தரையிலோ உப்புக்காகிதத்திலோ இரண்டு தேய் தேய்த்து ஊற வைத்தால், மறுநாள் ஊதிப் பெருத்திருக்கும். ஊதாமல் சிறுத்தே கிடப்பவற்றை மறுபடியும் தேய்க்க வேண்டும். அவரை, கொத்தவரை ஆகியவற்றை நெடுநேரம் ஊற வைத்தால் விதை பிளந்து அழுகிவிடும் என்பதால் ஈர மண்ணில் நேரே ஊன்றுவதுதான் பாதுகாப்பு.

ஆழம்

விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுவான அளவு. தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அரை செ.மீ.; வெண்டைக்கு 2 செ.மீ.; பூசணி, சுரைக்கு 2 முதல் 3 செ.மீ. கொடிவகை விதைகளைப் படுக்கை வாட்டில் வைத்தால் போதும், முளை தன் திசையைத் தானே கண்டுகொள்ளும். கீரை, துளசி விதைகளைத் தூவி, மேலே மணலைச் சலித்து, விதை மறைந்தும் மறையாததுமாக விட வேண்டும்.

குழித்தட்டில் விதைத்தபின் மேலே ஈரச் சாக்கையோ செய்தித்தாளையோ போர்த்தி நிழலில் வைக்கலாம். தக்காளி 5 முதல் 8 நாள்களிலும், கத்தரி 6 முதல் 10 நாள்களிலும், மிளகாய் 8 முதல் 15 நாள்களிலும் முளைக்கும். மிளகாய்க்குப் பொறுமை வேண்டும். ஆறாம் நாளே "முளைக்கவில்லை" என்று குழியைக் கிளறிப் பார்த்து, அப்போதுதான் வால் விட்டிருந்த விதையை ஒடித்தவர்களில் நானும் ஒருவன். முதல் முளை தெரிந்த அன்றே போர்வையை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் மற்றவை போர்வைக்கு அடியில் நீண்டு வெளுத்துவிடும்.

தண்ணீர்

முதல் ஆண்டு, குழித்தட்டு நிறையத் தக்காளி முளைத்திருந்தது. காலையும் மாலையும் குவளையால் தண்ணீர் ஊற்றினேன். மழை மூட்டமாக இருந்த நாளிலும் நிறுத்தவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது பாதி நாற்றுகள் படுத்திருந்தன. இலைகள் பச்சையாகவே இருந்தன. தண்டு மட்டும் மண்ணைத் தொடுகிற இடத்தில் நூல் கட்டி இறுக்கினாற்போலச் சுருங்கி, நீர் கோத்துப் பழுப்பாகி இருந்தது. தண்ணீர்ப் பஞ்சம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மறுநாள் மீதியும் படுத்தது.

இதற்கு நாற்றழுகல் நோய் என்று பெயர். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண் பூஞ்சைகளால் வருவது. ஈரம் நிற்கிற மண்ணும் நெருக்கமான நாற்றும் காற்றோட்டமில்லாத மூலையும் அதற்கு மிகவும் பிடித்தவை. வந்தபின் அந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. சாய்ந்தவற்றை மண்ணோடு எடுத்து எறிந்துவிட்டு, மீதியைக் காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்துக்கு மாற்றி, மேல்மண் காய்கிற வரை தண்ணீரை நிறுத்துவதே செய்யக்கூடியது. வராமல் தடுப்பதுதான் முக்கியம்.

இதற்கு மூன்று பழக்கங்கள் உதவும். மேலிருந்து ஊற்றாமல், குழித்தட்டை இரண்டு விரற்கடை தண்ணீர் உள்ள அகன்ற தட்டில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால், மண் அடியிலிருந்து வேண்டிய ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; தண்டின் கழுத்து நனையாது. மேலிருந்துதான் விட வேண்டுமென்றால் பூவாளியோ தெளிப்பானோ வேண்டும். அதுவும் காலையில் மட்டும். மாலையில் விட்ட தண்ணீர் இரவு முழுவதும் நாற்றின் காலடியில் நிற்கும். மூன்றாவதாக, நேரம் பார்த்து ஊற்றாமல் தட்டைத் தூக்கிப் பார்த்து ஊற்ற வேண்டும். ஈரமான தட்டுக்கும் காய்ந்த தட்டுக்கும் உள்ள எடை வேறுபாடு நான்கே நாள்களில் கைக்குப் பழகிவிடும்.

தண்ணீரின் தரமும் கவனத்துக்கு உரியது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர், வளர்ந்த முருங்கைக்குப் பெரிய தீங்கு செய்யாமல் போகலாம். முளைக்கிற விதையை அது தடுத்துவிடும். மண்ணின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அது உப்புதான். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளுகிற கழிவு நீரில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும் என்பதால் அதை நாற்றுக்கு விடவே கூடாது. மழைநீர் இருந்தால் மிக நல்லது. குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு ஏறத்தாழ இல்லை. நான் ஒரு வாளியை அதன் அடியில் வைத்து, அந்த நீரையே விதைத்தட்டுக்குப் பயன்படுத்துகிறேன்.

வெளிச்சம்

அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருட்டறையில் வைத்து வளர்த்த அந்தப் பயிர், பொன்மஞ்சள் நிறத்தில், சில நாள்களிலேயே நீண்டு நிமிர்ந்து நிற்கும். கும்மியடிக்கவும் தலையில் சுமந்து செல்லவும் அது அழகு; ஆனால் அந்த நீளம் வெளிச்சத்தைத் தேடி விதை தன் சேமிப்பையெல்லாம் செலவழித்ததால் வந்தது. சமையலறை ஜன்னலோரத்தில் வைத்த தக்காளி நாற்று நூலாக நீண்டு ஒரு பக்கமாகச் சாய்வதும் அதே காரணத்தால்தான். நாற்று "நன்றாக உயரமாக" வருகிறதே என்று மகிழக் கூடாது.

முளைத்த நாளிலிருந்தே காலை வெயில் மூன்று நான்கு மணி நேரமாவது நேரடியாகப் பட வேண்டும். உச்சி வெயிலுக்கு 50 விழுக்காடு நிழல்வலை போதுமானது. பழைய வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டியும் சமாளிக்கலாம். அதோடு கொசுவலைத் துண்டு ஒன்றைத் தட்டின் மேல் கூடாரமாக மூடிவிட்டால், தக்காளிக்கு இலைச்சுருட்டு நச்சுயிரியைக் கொண்டுவருகிற வெள்ளை ஈயின் நடமாட்டம் பெரிதும் குறையும். நாற்றிலேயே அந்த நோய் தொற்றினால் செடி பிறகு காய்க்காது. அணிலும் மைனாவும் கிளறுவதும் நின்றுவிடும்.

கீரையும் மூலிகையும்

புதிதாகத் தொடங்குபவர்கள் வெந்தயக் கீரையில் தொடங்குவது மனத்துக்கு நல்லது. அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற வெந்தயத்தை இரவு ஊற வைத்து, காலையில் அகலமான தொட்டியில் தூவி, மெலிதாக மண் மூடினால் மூன்றாம் நாள் முளைத்துவிடும்; 20 முதல் 25 நாள்களில் பறிக்கலாம். சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை ஆகியவற்றின் விதை கடுகைவிடச் சிறியது. கிராமுக்கு ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். ஒரு சிட்டிகை விதையுடன் நான்கு பிடி உலர்ந்த மணலைக் கலந்து தூவினால்தான் சீராக விழும். இந்த விதையை எறும்பு வரிசை கட்டித் தூக்கிப் போய்விடும் என்பதால், தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, செங்கல்லைத் தண்ணீர் உள்ள தட்டில் வைத்துவிடுவேன். மூன்று நான்கு நாள்களில் செந்நிறமும் பச்சையுமாக முளை தெரிந்துவிட்டால் எறும்பின் தொல்லை முடிந்தது.

கொத்தமல்லிதான் மிகப் பலரைத் தோற்கடிக்கிறது. நாம் விதை என்று சொல்கிற அந்த உருண்டை உண்மையில் ஒரு காய். அதனுள் இரண்டு விதைகள் உண்டு. செருப்பின் அடியிலோ சப்பாத்திக் குழவியாலோ லேசாக அழுத்தி உருட்டினால் அது இரண்டு பாதியாகப் பிளக்கும். நொறுங்கிவிடக் கூடாது, உள்ளே இருக்கிற வெளிர்நிறப் பருப்பு உடைந்துவிட்டால் அந்தப் பாதி பயனற்றது. பிளந்ததை 12 மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை வடித்து, ஒரு செ.மீ. ஆழத்தில் விதைத்து, 8 முதல் 15 நாள்கள் வரை மேல்மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் காலத்தில் போட்டால் முளைப்பதும் குறைவு, முளைத்ததும் விரைவில் பூத்துவிடும். மளிகைக் கடைத் தனியாவும் முளைக்கும்தான். ஆனால் எத்தனை நாள் கிடங்கில் கிடந்தது என்பது தெரியாததால், பத்து விதைச் சோதனையைத் தவிர்க்காமல் செய்ய வேண்டும்.

திருநீற்றுப்பச்சிலையின் விதைதான் ஃபலூடாவில் மிதக்கிற சப்ஜா விதை; நாட்டு மருந்துக் கடையில் வாங்கியதே முளைக்கும். தண்ணீர் பட்டதும் அதைச் சுற்றிக் கொழகொழப்பான உறை உருவாகி விரலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஊற வைக்காமல் உலர்ந்தபடியே ஈரமண்ணின் மேல் தூவ வேண்டும். துளசிக்கும் மேலே தூவுவதுதான் முறை. இரண்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். புதினாவையும் கற்பூரவல்லியையும் விதையில் தேட வேண்டாம், தண்டை நட்டால் வந்துவிடும். கறிவேப்பிலைக்கு மாத்திரம் ஒரு விதி உண்டு: கறுத்துப் பழுத்த பழத்தின் சதையைக் கழுவிவிட்டு, சில நாள்களுக்குள் விதைத்துவிட வேண்டும். உலர்த்திப் பொட்டலம் கட்டி வைத்தால் அதன் உயிர் போய்விடும்.

பூக்கள்

ஆயுதபூஜை மாலையிலிருந்து செண்டுமல்லிப் பூவை உதிர்த்துத் தொட்டியில் போட்டு, ஒன்றும் முளைக்காமல் ஏமாந்தவர்கள் உண்டு. மாலைக்குப் பறிக்கிற பூ பெரும்பாலும் விதை முற்றாதது. செடியிலேயே காய்ந்து பழுப்பான பூவைப் பிரித்தால், ஒரு முனை கறுப்பும் மறுமுனை வைக்கோல் நிறமுமாக ஊசி போன்ற விதைகள் கொத்தாக வரும். விரலால் தடவும்போது கறுப்பு முனை கெட்டியாக இருந்தால் அது நல்ல விதை. தட்டையாக மடங்கினால் பதர். கிடையாக வைத்து மெலிதாக மூடினால் ஐந்தாறு நாள்களில் முளைத்து, நான்கு வாரத்தில் நடவுக்குத் தயாராகிவிடும்.

காசித்தும்பை, ஜினியா, சூரியகாந்தி ஆகியவற்றை நேரே தொட்டியில் விதைக்கலாம். காசித்தும்பையின் முற்றிய காயைத் தொட்டதுமே வெடித்து விதையைச் சிதறடிக்கும் என்பதால், பையால் மூடித்தான் பறிக்க வேண்டும். பட்டுரோஜாவின் விதை தூசி போல இருக்கும். அதற்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும், ஆகவே மண் மூடக் கூடாது. நித்தியகல்யாணி அதற்கு நேர்மாறு, இருட்டைக் கேட்பது. நன்றாக மூட வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இவ்விரண்டையும் ஒரே மாதிரி விதைத்தால், இரண்டில் ஒன்று நிச்சயம் ஏமாற்றும்.

பிடுங்கி நடுதல்

உண்மை இலைகள் இரண்டு வந்ததும், மிக நீர்த்த பஞ்சகவ்யத்தை, அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 மி.லி. அளவில், வாரம் ஒரு முறை தெளிக்கலாம். தக்காளி நாற்றை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 35 முதல் 45 நாளிலும் நடலாம். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைச் சற்றுக் குறைத்து, வெயில் படும் நேரத்தை நாளுக்கு ஒரு மணி வீதம் கூட்டி, நாற்றைப் பழக்க வேண்டும். நிழல்வலைக்கு அடியிலிருந்து நேரே உச்சி வெயிலுக்கு வந்த நாற்றின் இலை, சுட்ட அப்பளம் போல வெளுத்துக் கருகும்.

மாலையில் நடுவதுதான் நல்லது. குழியின் அடியை அழுத்தி வேர்க்கட்டியோடு எடுக்க வேண்டும். தூக்கும்போது தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடிக்க வேண்டும். இலை போனால் வேறு இலை வரும், நசுங்கிய தண்டு தேறாது. தக்காளியை விதையிலை வரை ஆழமாகப் புதைத்து நடலாம், புதைந்த தண்டிலும் அது வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் முன்பு இருந்த மட்டத்திலேயே நட வேண்டும்.

அடுத்த பட்டத்துக்கான விதை

எஃப் 1 என்று அச்சிட்ட பொட்டலம் வீரிய ஒட்டு ரகம். அதன் காயிலிருந்து எடுக்கிற விதை முளைக்கும், ஆனால் தாய்ச்செடியைப் போலவே வராது. விதை எடுக்க விரும்புபவர்கள் நாட்டு ரகங்களையோ, பெரியகுளத்திலிருந்து வெளியான பி.கே.எம் 1 தக்காளி போன்ற ரகங்களையோ தேடிப் போட வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரியும் இராமநாதபுரம் குண்டு மிளகாயும் தொட்டியில் போட்டுப் பார்க்கத் தக்கவை. சுரை, பூசணி போன்ற கொடிகளில் வண்டும் தேனீயும் மகரந்தத்தை மாற்றிவிடுவதால் ரகம் கலந்துவிடும். சொந்த விதையில் காய்த்த சுரைக்காய் கசந்தால், அதைச் சமைக்காமல் கொட்டிவிட வேண்டும்; அந்தக் கசப்பு நஞ்சு.

தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறை முளைப்பைத் தடுப்பது. நன்கு கனிந்த பழத்தின் சாற்றோடு விதையை ஒரு கிண்ணத்தில் ஒன்றிரண்டு நாள் புளிக்க விட்டு, மேலே நுரை கட்டியதும் தண்ணீர் விட்டு அலசினால் உறை கழன்று, நல்ல விதை அடியில் தங்கும். காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். கத்தரிக்காயைச் செடியிலேயே மஞ்சளாகிற வரை விட வேண்டும். வெண்டையைக் காய்ந்து வெடிக்கும் பருவத்தில் பறிக்க வேண்டும்.

உலர்ந்த விதையைக் கண்ணாடிப் புட்டியில் சிறிது சாம்பலோடு இட்டு, பெயரும் எடுத்த மாதமும் எழுதி, குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். விதைக்கிற நாளன்று புட்டியை வெளியே எடுத்ததும் திறந்துவிடக் கூடாது. சில மணி நேரம் விட்டு, புட்டியின் வெளிப்புறத்தில் அரும்பிய ஈரம் முழுவதும் உலர்ந்தபின் திறந்தால்தான், மீதமுள்ள விதை ஈரம் ஏறாமல் அடுத்த பட்டத்துக்கும் நிற்கும்.